பழைய ஃபோர் பை ஃபோர் பிக்கப்: காட்பாடி மெக்கானிக்கிடம் கேட்டவை

காட்பாடியில் இருபத்திரண்டு வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் ஏறி இறங்குகிற வண்டிகள்தான் அதிகம் வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் பிக்கப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப் பேர் அதைக் காதில் போட்டுக்கொண்டார்கள்.

கேள்வி (குடியாத்தம்): அண்ணே, 2017 மாடல் இசுஸு வி-கிராஸ் பிக்கப், 2.5 லிட்டர் இன்ஜின். லிட்டருக்கு 12 கொடுத்துக்கொண்டிருந்தது. 245/70 ஆர்16 டயரை எடுத்துவிட்டு 265/70 ஆர்16 ஆல் டெரெய்ன் போட்டேன். இப்போது 11தான் வருகிறது. இன்ஜெக்டர் (டீசல் தெளிப்பான்) பார்க்க வேண்டுமா?

பதில்: இன்ஜெக்டரைத் தொடாதீர்கள். முதலில் கணக்குப் போடுவோம். பழைய டயரின் விட்டம் ஏறக்குறைய 749 மில்லிமீட்டர், புதியது 777. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் முன்பைவிட 3.7 சதவீதம் அதிக தூரம் போகிறீர்கள். ஆனால் மீட்டருக்கு இது தெரியாது, அது பழைய டயர் கணக்கிலேயே எண்ணும். மீட்டரில் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் ஓடியது 103.7. ஆக உங்கள் 11 என்பது நிஜத்தில் 11.4. தொலைந்தது ஒரு கிலோமீட்டர் இல்லை, 0.6தான். அதைத் தின்றது டயரின் எடையும் கட்டை கட்டையான பட்டனும். அழகுக்குக் கொடுத்த விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஸ்பீடோமீட்டரும் இனி குறைத்துத்தான் காட்டும், ஸ்பீடு கேமரா இருக்கும் இடத்தில் ஞாபகம் இருக்கட்டும்.

மைலேஜ் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். டேஷ்போர்டில் வருகிற எண்ணை நம்பாதீர்கள். ஃபுல் டேங்க் அடியுங்கள், குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள், அதே பங்க்கில் அதே பம்ப்பில் முதல் 'டக்' சத்தம் வரை மறுபடி அடியுங்கள். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போட்டுவிட்டு மைலேஜ் இல்லை என்று வராதீர்கள்.

கேள்வி (ஆற்காடு): நாலு சக்கரமும் இழுத்தால் இன்ஜினுக்குப் பாரம் குறையுமே, ஃபோர் எச் (நாலு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டே ஓட்டினால் மைலேஜ் கூடுமா?

பதில்: குறையும்.

கேள்வி (ஒடுகத்தூர்): சார், பீஞ்சமந்தை பக்கம் மலை கிராமங்களுக்கு லோடு அடிக்கிறேன். மழையில் ஃபோர் எச் போட்டுத்தான் ஏறுவேன். கீழே தார் ரோடு வந்த பிறகும் கிரிப் நன்றாக இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிடுவேன். வளைவில் திருப்பும்போது ஸ்டியரிங் இறுகுகிறது, அடியில் 'டங்' என்று இடிக்கிறது. கிராஸ் (ஷாஃப்ட் மூட்டு) போய்விட்டதா?

பதில்: இன்னும் போகவில்லை என்றால் சீக்கிரம் போகும். இதைக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் ஃபோர் பை ஃபோர் வேலையில் பெரும்பங்கு இந்த ஒரு தப்பால்தான்.

நம் ஊரில் ஓடும் பழைய பிக்கப் எல்லாம் பார்ட் டைம் ஃபோர் வீல். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், சுற்று வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் எச் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் பெட்டி) முன், பின் ஷாஃப்ட் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அப்புறம் இரண்டும் ஒரே சுற்றுத்தான் சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே தடத்தில் போவதில்லை. மூன்று மீட்டர் சொச்சம் வீல்பேஸ் உள்ள வண்டியை ஹேர்பின்னில் ஒடித்துத் திருப்புகிறீர்கள். பின் அச்சு 5.2 மீட்டர் ஆரத்தில் வளைந்தால் முன் அச்சு 6 மீட்டருக்கு மேல் ஆரத்தில் வளையும். அரைவட்டம் முடியும்போது பின் அச்சு 16 மீட்டரும் முன் அச்சு 19 மீட்டரும் போயிருக்கும். ஒரே வளைவில் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் வித்தியாசம். சேற்றிலும் ஜல்லியிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டிலும் கிராஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினிலும் ஏறும். நீங்கள் கேட்கிற 'டங்' அதுதான்.

சேறு முடிந்து தார் தொடங்கும் இடத்திலேயே டூ எச்சுக்கு (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றுங்கள். லிவர் வர மறுத்தால் முறுக்கு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுங்கள், விடுபடும். காய்ந்த தாரில் ஃபோர் எச் வேண்டாம். இன்றைக்கு இதை இன்னும் எத்தனை முறை சொல்லப்போகிறேனோ.

மலையிலிருந்து செங்குத்தான மண் பாதையில் லோடோடு இறங்கும்போது ஃபோர் எல் (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை), முதல் கியர். பிரேக்கை மிதிக்காமல் இன்ஜினே பிடித்து இறக்கும். மண்ணில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும்.

கேள்வி (ராணிப்பேட்டை): சென்னை ஹைவேயில் மழை பெய்தால் ஃபோர் எச் போட்டு நூறில் போகலாமா? சீக்கிரம் நிற்குமல்லவா?

பதில்: நிற்காது. பிரேக் எந்த வண்டியிலும் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. ஃபோர் எச் கிளம்ப உதவும், நிற்க உதவாது. மழையில் எண்பதுக்குக் கீழே வாருங்கள். மைலேஜுக்கும் அதுதான் மருந்து. எண்பதிலிருந்து நூறுக்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும், பிக்கப் மாதிரி பெட்டி வண்டிக்கு அது நேராக டேங்க்கில் தெரியும்.

கேள்வி (பேரணாம்பட்டு): பின் டோரை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று நேராகப் போய் மைலேஜ் கூடும் என்கிறார்களே?

பதில்: கூடாது. டோர் மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று சுழன்று மெத்தை மாதிரி நிற்கும், மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போய்விடும். திறந்துவிட்டால் சாமான்தான் ரோட்டில் விழும்.

கேள்வி (வாணியம்பாடி): நான் முப்பது வருட டிரைவர். ஏலகிரி இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசலே செலவாகாது. உங்களை மாதிரி மெக்கானிக்குகள் இதை ஏன் சொல்வதில்லை?

பதில்: தப்பு என்பதால் சொல்வதில்லை. காமன் ரெயில் (கம்ப்யூட்டர் தெளிப்பைக் கட்டுப்படுத்தும்) டீசல் வண்டியில் கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை முழுவதும் மூடிவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, டீசல் பூஜ்ஜியம். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் தெளித்தே ஆக வேண்டும்.

மறுபடியும் வாணியம்பாடி: ஆர்.பி.எம். குறைந்தால் டீசல் குறையும். இது குழந்தைக்கும் தெரியும்.

பதில்: குழந்தை சொன்னால் திருத்திவிடுவேன் அண்ணே, உங்களிடம்தான் முடியவில்லை. ஆர்.பி.எம். 2000 இருந்தாலும் தெளிப்பு இல்லை என்றால் செலவு இல்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஆம்பூர் பக்கம் மாதிரி லேசான சரிவில், கியரில் இருந்தால் வேகம் இறங்கிவிடும், நியூட்ரலில் உருண்டுகொண்டே போகும். அங்கே சொட்டுச் சொட்டாக மிச்சமாகலாம். கார்புரேட்டர் பெட்ரோல் வண்டிக் காலத்தில் கியரில் இறங்கினாலும் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும், அந்தக் காலத்துப் பழக்கம் இது. ஆனால் நீங்கள் சொல்வது ஏலகிரி, பதினான்கு ஹேர்பின். இன்ஜின் பிடி இல்லாமல் வெறும் பிரேக்கில் இறங்கினால் லைனிங் சூடேறி, கீழே வரும்போது பெடல் பஞ்சாகிவிடும்.

இன்னொருவர் (ஆலங்காயம்): அவர் சொல்வதுதான் சரி, எங்கள் ஊரில் எல்லோரும் நியூட்ரல்தான்.

பதில்: எல்லோரும் செய்வதால்தான் எனக்குப் பிரேக் லைனிங் வியாபாரம் நடக்கிறது. வாணியம்பாடி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஸ்கேனர் மாட்டிக்கொண்டு ஏலகிரி போவோம். டீ என் செலவு.

கேள்வி (சத்துவாச்சாரி): காலி வண்டியில் மழை ரோட்டில் வளைந்தால் பின்பக்கம் ஆடுகிறது. ஃபோர் எச் போடலாமா?

பதில்: வேண்டாம், நனைந்த தாரும் சேறு மாதிரி வழுக்காது, ஒடுகத்தூர்காரருக்குச் சொன்ன முறுக்கு அங்கேயும் ஏறும். பிக்கப்பின் பின் பட்டை (ஸ்பிரிங்) லோடுக்காகக் கட்டியது. காலியாக இருந்தால் விறைத்துக்கொண்டு குதிக்கும், டயர் தரையை விட்டுவிட்டுப் பிடிக்கும். பின் டயரில் லோடுக்கான காற்று நிற்கிறதா பாருங்கள். டிரைவர் டோர் பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காலிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என்று இருக்கும். அப்புறம் பின் அச்சுக்கு நேர் மேலே இரண்டு மூன்று மணல் மூட்டை, நகராமல் கட்டி வையுங்கள். மூட்டையோடு மைலேஜ் கொஞ்சம் குறையும், மழைக்காலம் போனதும் இறக்கிவிடுங்கள்.

கேள்வி (பள்ளிகொண்டா): பாலாற்று மணலில் சிக்கினால் எப்படி வெளியே வருவது?

பதில்: மணல் அள்ளப் போனீர்கள் என்றால் என்னைக் கேட்காதீர்கள். வேறு வேலையாகப் போயிருந்தால்: ஃபோர் எல், டயர் காற்றை இருபது பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள், சக்கரத்தைச் சுற்றவிடாதீர்கள். சுற்றினால் குழிதான் ஆழமாகும். தார் ஏறியதும் காற்றை நிரப்புங்கள்.

கேள்வி (அணைக்கட்டு): ஃபோர் பை ஃபோர் பழைய வண்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அடியில் படுத்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். நான் மெக்கானிக்காக இருந்தும் ஒருமுறை ஏமாந்தேன். புரோக்கர் ஒருவர் காட்டிய வண்டி, இன்ஜின் தங்கம், பெயின்ட் பளபள. ஃபோர் எச் போட்டால் டேஷ்போர்டில் விளக்கும் எரிந்தது. பணம் கொடுத்து வீட்டுக்கு வந்து தூக்கிப் பார்த்தால் முன் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டே இல்லை. மைலேஜ் கூடும் என்று முன்னாள் ஓனர் கழற்றிக் கடாசியிருக்கிறார். விளக்கு, லிவர் நகர்ந்ததைத்தான் சொல்கிறது, சக்கரம் இழுப்பதைச் சொல்வதில்லை.

அதனால் மண் தரைக்கு ஓட்டிப் போய் ஃபோர் எச், ஃபோர் எல் இரண்டையும் போட்டுப் பாருங்கள். முன் சக்கரம் மண்ணைப் பிராண்ட வேண்டும். நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே தேய்மானமா பாருங்கள். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றால் ஃபோர் எச்சில் நேர் ரோட்டிலேயே முறுக்கு ஏறும். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சு ஹவுசிங், பின் அச்சு ஹவுசிங் என்று நாலு இடத்தில் ஆயில் இருக்கிறது. இன்ஜின் ஆயிலைத் தவிர மற்றதை யாரும் மாற்றுவதே இல்லை. டிரெயின் பிளக்கில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் பரவாயில்லை, சில்லு சில்லாக இருந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி (திருப்பத்தூர்): சித்தூர் வண்டி, ஆந்திரா நம்பர். பெயர் மாற்ற என்ன செய்யணும்?

பதில்: ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள்.

கேள்வி (வாலாஜா): என் வண்டி எட்டுதான் கொடுக்கிறது. என்ன கோளாறு?

பதில்: பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக் அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நாலு ரிம்மின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. இல்லை என்றால் ஏர் ஃபில்டர், குவாரிப் பக்கம் ஓடும் வண்டியாக இருந்தால் முதலில் அதுதான். அதுவும் இல்லை என்றால் உங்கள் வலது கால்.

கேள்வி (காவேரிப்பாக்கம்): ஃபோர் எச்சைத் தார் ரோட்டில் போடலாமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி (ஆரணி): காய்ந்த ரோட்டில் மெதுவாகப் போனால்கூட ஃபோர் எச் ஆகாதா?

பதில்: மேலேயே இருக்கிறது, ஐயா.

கேள்வி (ஆலங்காயம்): ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி என்ன ஆச்சு?

பதில்: வாணியம்பாடி அண்ணன் வந்தார். இறக்கத்தில் இரண்டாவது கியர், கால் எடுத்தால் ஸ்கேனரில் டீசல் பூஜ்ஜியம். நியூட்ரலுக்குத் தள்ளினால் மணிக்கு முக்கால் லிட்டர் கணக்கில் காட்டியது. மூன்று வளைவுக்கு மூன்று முறை காட்டினேன். கீழே வந்து டீ குடித்துவிட்டு, "உன் மிஷின் சரியில்ல தம்பி, வேற வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.