எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்: ஹெவி மெட்டல் இசையும் கல்ட் படங்களும் (சிறு கூட்டமே ஆனாலும் தீவிர ரசிகர்களைக் கொண்ட படங்கள்)

கேள்வி: ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் ‘பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்’ ஆல்பத்தில் டிரம்ஸ் ஒட்டாமல் தனியாக நிற்கிறது என்றேன். நண்பர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். என் காதில் கோளாறா?

பதில்: காதில் ஒன்றும் கோளாறு இல்லை. முதலில் உறையின் பின்பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். 2002 மறுவெளியீடு என்றால், நீங்களும் நண்பர்களும் இரண்டு வேறு ஆல்பங்களைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். 1980-ல் வந்த மூலத்தில் பேஸ் கிதார் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். 2002-ல் அந்த இருவரின் வாசிப்பையும் எடுத்துவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் புதிதாக வாசிக்கவைத்துச் சேர்த்தார்கள். புதியவர்கள் இருவருமே கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஆல்பத்தின் கிதார் கலைஞர் ராண்டி ரோட்ஸின் வாசிப்பு இருபது வருடத்துக்கு முன்பே பதிவாகி முடிந்துவிட்டது. அதன்மேல் எவ்வளவு சரியாக வாசித்தாலும், அந்தக் கிதார் இவர்களுக்குப் பதில் சொல்லாது. நீங்கள் கேட்ட ஒட்டாமை அதுதான் என்பது எங்கள் கணிப்பு. ‘டயரி ஆஃப் எ மேட்மேன்’ ஆல்பத்துக்கும் 2002-ல் இதே கதி. 2011 வெளியீட்டில் பழைய வாசிப்பு திரும்பி வந்தது. அதை வாங்கிக் கேளுங்கள்.

இது ஒரு ஆல்பத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. மெகாடெத்தின் ‘ரஸ்ட் இன் பீஸ்’ (1990) ஆல்பத்தை 2004-ல் மறுபடி மிக்ஸ் செய்தபோது (தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலப்பது மிக்ஸ்), டேவ் மஸ்டைன் சில இடங்களில் புதிதாகப் பாடிச் சேர்த்தார். அதனால் கருத்து எழுதும்போது முதல் வரியிலேயே மூன்றைக் குறித்துவிடுங்கள்: மூலம் வந்த ஆண்டு, நீங்கள் கேட்ட பதிப்பின் ஆண்டு, எந்தக் கருவியில் கேட்டீர்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: மெட்டாலிக்காவின் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் பேஸ் கிதாரே கேட்கவில்லை. ஹெட்ஃபோனை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், எந்த ஹெட்ஃபோனிலும் அது எழும்பி வராது. 1988-ல் அதை மிக்ஸ் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்ப்சன், பேஸைக் குறைக்கச் சொன்னது இசைக்குழுவின் தரப்பே என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்னொரு காரணமும் உண்டு. பேஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் பல இடங்களில் ரிதம் கிதாரின் ரிஃபையே (திரும்பத் திரும்ப வரும் சுரத்தொடர்) அப்படியே பின்தொடர்கிறார். அந்தக் கிதாரோ நடு அலைவரிசை ஒடுங்கி, அடித்தளம் கனத்த தொனி. ஒரே சுரத்தை இரண்டும் வாசிக்கும்போது கனமான கிதார் பேஸை மூடிவிடுகிறது.

ஆனால் எல்லா ஆல்பத்திலும் உங்களுக்குப் பேஸ் கேட்கவில்லை என்றால் கருவியைச் சந்தேகப்படலாம். பேஸ் கிதாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு, சாதாரண கிதாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. மேலே உள்ள கிளைச் சுரங்களை வைத்து மூளை ஊகித்துக்கொள்கிறது. சோதிக்க பிளாக் சபாத்தின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ (1971) நல்லது. அந்தக் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி இரும்புத்தகட்டுத் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியது அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்தி போட்டார், இந்த ஆல்பத்தின் பல பாடல்களில் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். அதனால் கிதாரே 69 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. ஒலியின் ஆழத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை முழுக்க அணைத்துவிட்டுக் கேளுங்கள். கிதாரும் கீஸர் பட்லரின் பேஸும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் உங்கள் ஹெட்ஃபோன் போதும்.

கேள்வி: பழைய பதிவைச் சீர்செய்து மறுபடி வெளியிடும் ரீமாஸ்டர் எப்போதும் மேலானதுதானே? போட்டவுடனே பளிச்சென்று கேட்கிறது.

பதில்: பளிச்சென்று கேட்பது பெரும்பாலும் சத்தம் கூடியிருப்பதால்தான். ஒரே பதிவை ஒரு டெசிபல் கூட்டி வைத்தாலும் காது அதையே ‘நன்றாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். அடாசிட்டி போன்ற மென்பொருளில் இரண்டு பதிப்பையும் திறந்து, அலைவடிவத்தைப் பாருங்கள். உச்சிகள் கத்தரித்த வேலி மாதிரி ஒரே மட்டத்தில் நின்றால் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நசுக்கியிருக்கிறார்கள். பிறகு சத்தம் கூடியதை, இரண்டிலும் பாடகரின் குரல் ஒரே அளவில் வரும்வரை குறையுங்கள். இப்போது ஸ்னேர் டிரம்மை மட்டும் கவனியுங்கள். அடி ‘டக்’ என்று தெறிக்க வேண்டும். ‘பொத்’ என்று கிதாருக்குள் அமுங்கினால் பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெட்டிக்’ (2008) வந்தபோது, அதே பாடல்கள் ‘கிதார் ஹீரோ’ வீடியோ விளையாட்டில் இவ்வளவு நசுக்கப்படாமல், சிதறல் குறைவாகக் கேட்டதை ரசிகர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி: பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதலாமா?

பதில்: எழுதுங்கள், ஆனால் எந்தப் பாடலில் எத்தனையாவது நிமிடத்தில் மனம் மாறியது என்பதையும் எழுதுங்கள். ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ (1986) பத்துப் பாடல், மொத்தமே 29 நிமிடம்தான். மூன்று முறை கேட்காமல் அதற்கு மதிப்பெண் போட ஒரு காரணமும் இல்லை.

கேள்வி: ‘பிளேட் ரன்னர்’, ‘தி விக்கர் மேன்’ இரண்டுக்கும் பல பதிப்பு இருக்கிறதாமே, எதை முதலில் பார்ப்பது?

பதில்: ‘பிளேட் ரன்னர்’ என்றால் 2007 ஃபைனல் கட். ரிட்லி ஸ்காட் முழுக் கட்டுப்பாட்டோடு செய்த பதிப்பு அதுதான். 1982 திரையரங்குப் பதிப்பில் ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரல் கதையை விளக்கிக்கொண்டே வரும். கடைசியில் ஒட்டிய மகிழ்ச்சியான முடிவில் வருகிற மலைக்காட்சிகள் ‘தி ஷைனிங்’ படப்பிடிப்பில் மிஞ்சியவை. 1992 டைரக்டர்ஸ் கட் இரண்டையும் நீக்கி, சில நொடிக் கனவு ஒன்றைச் சேர்த்தது. அந்தச் சில நொடிகள் நாயகன் யார் என்ற கேள்வியையே மாற்றிவிடுகின்றன. நண்பர் வேறு பதிப்பைப் பார்த்திருந்தால் முடிவைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம்.

‘தி விக்கர் மேன்’ 1973-ல் இரட்டைக் காட்சியின் (ஒரே டிக்கெட்டில் இரண்டு படம்) துணைப்படமாகச் சுமார் 88 நிமிடத்துக்கு வெட்டப்பட்டது. கிறிஸ்டோபர் லீயின் அறிமுகக் காட்சியே போய்விட்டது, தீவில் கழியும் இரவுகளும் குறுகின. 2013 ஃபைனல் கட் சுமார் 94 நிமிடம், அதில் தொடங்குங்கள். மீட்ட காட்சிகளில் படத்தின் தரம் சற்று மங்கும், அது டிஸ்க்கின் பழுது அல்ல. ஐரோப்பியப் பழைய டிவிடி என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 24 பிரேம் படத்தை 25 பிரேமில் ஓட்டுவதால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். பாடல்களும் ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் உயர்ந்து கேட்கும். பாட்டே உயிரான படத்துக்கு அது பெரிய இழப்பு, ப்ளூ ரே வாங்குங்கள்.

கேள்வி: மெட்டலையும் கல்ட் படத்தையும் சேர்த்து ரசிக்க எங்கே தொடங்கலாம்?

பதில்: பெயரிலிருந்தே. ‘எர்த்’ என்று இருந்த குழு, மரியோ பாவாவின் 1963 திகில் படத்தின் ஆங்கிலத் தலைப்பை எடுத்துக்கொண்டுதான் ‘பிளாக் சபாத்’ ஆனது. முதல் ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13-ல் வெளிவந்தது. அதன் முதல் பாடலை இருட்டில் கேளுங்கள், பிறகு படத்தைப் போடுங்கள். படத்திலும் பதிப்பைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இத்தாலிய மூலத்தில் ‘டெலிபோன்’ கதைதான் முதலில் வரும். அமெரிக்கப் பதிப்பு மூன்று கதைகளின் வரிசையையும் மாற்றி, இசையையும் மாற்றி, ‘டெலிபோன்’ கதைக்குள் இல்லாத பேயையும் நுழைத்தது. இத்தாலியப் பதிப்பை எடுங்கள்.