கானில் வரும் தண்ணீரும் பிள்ளை இல்லாத கவலையும்

கேள்வி: எனக்கு 33 வயது. கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிறேன். கலியாணம் முடித்து மூன்று வருடமாகிறது, இன்னும் பிள்ளை இல்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்து, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிளாஸ்டிக் கானில் வரும் ஃபில்டர் தண்ணீர்தான் குடித்து வந்தோம். நுண்பிளாஸ்டிக் விந்தணுவை அழிக்கும் என்று போனில் பார்த்த பிறகு கானை நிறுத்திவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறோம். அந்தக் கான் தண்ணீர்தான் காரணமாக இருக்குமா?

பதில்: தம்பி, கானை நிறுத்தியது அவசரப்பட்ட வேலை. வன்னியில் சில இடங்களில் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு கூட. வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் கிணற்று நீரைச் சோதித்துப் பார்க்கும்வரை ஃபில்டர் தண்ணீரையே குடியுங்கள். கானை வெயிலில் வைக்காமல் இருந்தால் சரி.

நீங்கள் போனில் பார்த்தது முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தார் 23 ஆண்களின் விதைகளையும் 47 நாய்களின் விதைகளையும் ஆராய்ந்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். அத்தனையிலும் பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தன. மனிதரில் இருந்த அளவு நாய்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பைப் செய்யும் பிவிசி கூடுதலாக இருந்த நாய்களில் விந்தணு குறைவாகவும் இருந்தது. ஆனால் மனித விதைகள் இரசாயனத்தில் போட்டு வைத்திருந்தவை என்பதால், அவற்றில் விந்தணுவை எண்ணிப் பார்க்க முடியவில்லை. ஆக, பிளாஸ்டிக் அங்கேயும் போய்ச் சேர்கிறது என்பதுதான் அந்த ஆய்வு காட்டியது. அதனால்தான் பிள்ளை இல்லை என்று அது சொல்லவில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் விதையில் அழற்சி வந்திருக்கிறது, விந்தணு குறைந்திருக்கிறது. ஆனால் எலிக்குக் கொடுக்கிற அளவு பெரும்பாலும் நாம் அன்றாடம் விழுங்குவதைவிட மிக அதிகம்.

உடம்பில் எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது என்று பார்க்க எங்கள் ஆஸ்பத்திரிகளில் சோதனை இல்லை. அதை வெளியே எடுக்க மருந்தும் இல்லை. எடுத்துத் தருகிறோம் என்று யாராவது பவுடர் விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது வேறொன்று. மனைவிக்கு எல்லாச் சோதனையும் முடிந்திருக்கிறது. உங்களுக்கு ஒன்று செய்ததாகக்கூட நீங்கள் எழுதவில்லை. பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரில் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கும். செலவும் நோவும் குறைந்த சோதனை விந்துப் பரிசோதனைதான். அதை முதலில் செய்திருக்க வேண்டும்.

உறவு கொள்ளாமல் குறைந்தது 2 நாள், கூடினால் 7 நாள் விட்டு மாதிரியைக் கொடுங்கள். ஆய்வுகூடம் தரும் போத்தலில்தான் எடுக்க வேண்டும். அதுவும் பிளாஸ்டிக்தான், பயப்படாதீர்கள்! சாதாரண ஆணுறையில் எடுக்கக்கூடாது, சவர்க்காரமும் எண்ணெயும் படக்கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம், அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஐஸில் வைக்காமல் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளலாம். உள்கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்த நேரம் காணாது, ஆய்வுகூடத்திலேயே ஒரு அறை கேளுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு இது தினமும் பார்க்கிற வேலை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு மில்லிலீற்றரில் 1 கோடி 60 இலட்சத்துக்கு மேல் விந்தணுக்களும், நூற்றுக்கு 42 அசைவனவும் இருந்தால் நல்லது. குறைந்திருந்தாலும் ஒரே சோதனையை வைத்து முடிவெடுக்க மாட்டோம். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் அளவில் எடுக்கும். இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தாலே எண்ணிக்கை விழுந்துவிடும். அதனால் கொஞ்சக் காலம் விட்டுத் திரும்பவும் பார்ப்போம்.

நேரில் வந்தால் பிளாஸ்டிக்குக்கு முன் நான் கேட்பது மருந்தடிப்பைப் பற்றித்தான். டிபிசிபி என்ற பூச்சிமருந்தைத் தயாரித்த கலிபோர்னியாத் தொழிலாளர்கள் பலருக்கு விந்தணு இல்லாமல் போனது 1977இலேயே தெரியவந்தது. இன்று நீங்கள் அடிப்பது அது அல்ல. ஆனாலும் சாரத்தை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு, ஒழுகுகிற மருந்து டாங்கியை முதுகில் சுமந்து வயலில் இறங்குகிற ஆட்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். மருந்து முதுகால் வழிந்து இடுப்புத் துணியில் ஊறி, அப்படியே காயும். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, கையுறை, முகமூடி போடுங்கள். முடிந்த கையோடு குளித்து, அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.

அடுத்தது, சண்டைக் காலத்தில் அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ காயம் பட்டதா, குண்டுச் சிதறல் (பீஸ்) ஏதும் உள்ளே இருக்கிறதா என்பது. காயம் ஆறியிருந்தாலும் விந்துக்குழாய் அடைபட்டிருக்கலாம். பலர் கேட்டால்தான் சொல்கிறார்கள். சிறுவயதில் குடலிறக்க ஒப்பரேஷன், வயசுக்கு வந்த பிறகு கூகைக்கட்டு வந்தது, விதைக்கு மேல் நரம்பு புடைத்திருப்பது, சிகரெட், சாராயம், இவற்றையும் சொல்லுங்கள். நரம்புப் புடைப்பு சிலருக்கு ஒப்பரேஷனால் சரியாகும்.

பிளாஸ்டிக்கைக் குறைப்பது நல்லதுதான். சாப்பாடு கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான லஞ்ச் சீட் 2017இலேயே தடை செய்யப்பட்டது, ஆனாலும் சுடச்சுடக் கொத்து ரொட்டியை அதில் கட்டித் தரும் கடை இருந்தால் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோங்கள். கொதிக்கிற தேத்தண்ணியைப் பொலித்தீன் பையில் வாங்காதீர்கள். வளவில் பிளாஸ்டிக் எரிக்காதீர்கள். இதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் சோதனை என்று மட்டும் தள்ளிப்போட வேண்டாம், மனைவிக்கும் வயது ஏறிக்கொண்டு போகிறது.

விந்தணுவே இல்லை என்று வந்தாலும் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். குழாய் அடைப்புத்தான் காரணம் என்றால் விதையிலிருந்து ஊசியால் விந்தணுவை எடுத்துக் கருக்கட்டச் செய்ய முடியும். எதற்கும் மனைவியின் பழைய ரிப்போட்டுகளையும் எடுத்துக்கொண்டு, இருவருமாகக் கிளினிக்குக்குப் போங்கள்.