இருபது ஆண்டு போதும்

கேள்வி: அரசுக் கோப்புகளை 25 ஆண்டு கழித்துக் காப்பகத்தில் பார்க்கக் கொடுப்பார்கள் என்று படித்தேன். அது என்ன 25 கணக்கு? உடனே கொடுத்தால் என்ன?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மத்திய அரசுக் கோப்புகளுக்காக 1993இல் வந்த பொது ஆவணச் சட்டத்தை ஒட்டி வந்த கணக்கு அது. 25 ஆண்டு கடந்தவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும்; அங்கே 30 ஆண்டு கடந்தவற்றை ஆய்வாளர்கள் பார்க்கலாம் என்கிறது சட்டம். ‘இரகசியம்’ என்று வகைப்படுத்தியவை இதில் வராது. 1962 சீனப் போரில் நம் ராணுவத்தில் என்ன தவறு நடந்தது என்று ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரேம் பகத்தும் 1963இல் கொடுத்த அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை.

உடனே கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. நாளைக்கே வெளியில் வரும் என்றால் எந்த அலுவலரும் மனதில் பட்டதைக் கோப்பில் எழுதமாட்டார், போனில் சொல்லி முடித்துவிடுவார். அதற்காக ரொம்பவும் தள்ளக் கூடாது. பிரிட்டன் 1958இல் 50 ஆண்டு என்று வைத்து, 1967இல் 30 ஆக்கி, 2010இல் 20 ஆகக் குறைக்கச் சட்டம் செய்தது. அந்த 20தான் சரி. குறிப்பு எழுதியவர் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பார். ‘ஏன் ஐயா இப்படி எழுதினீர்கள்?’ என்று நேரில் போய்க் கேட்கலாம். தத்து, மருத்துவம் மாதிரி தனிமனிதர் விவரங்களை மட்டும் அவர்கள் வாழ்நாள் வரை மூடி வைக்கலாம்.

அப்புறம், கோப்பு அதுவரை இருக்க வேண்டுமே! நம் மாநில அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போது ஓ.மு., மூ.மு., ப.மு. என்று போடுவோம். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. அதன் ஆயுள் அவ்வளவுதான். நான் பதிவறையில் இருந்தபோது ஒரு கல்லூரி மாணவி வந்தாள். அவள் ஊர் ஏரிக்கரை உடைந்த வருடம் நிவாரணம் வாங்கியவர்கள் பட்டியல் வேண்டும், அதில் பாட்டி பெயர் இருக்கும் என்றாள். பதிவேட்டில் எண் இருந்தது. பக்கத்திலேயே சிவப்பு மையில் ‘அழிக்கப்பட்டது’. மூ.மு. போட்டிருந்தார்கள். அவள் அந்த எண்ணையாவது எழுதிக்கொண்டு போகிறேன் என்றாள். எனக்கு இன்றைக்கும் மனது ஆறவில்லை.

முடிவு போடும் இடத்திலேயே காப்பகத்து ஆள் ஒருவர் பார்க்க வேண்டும். அழிக்கப்போகும் கோப்புகளின் பட்டியலை மூன்று மாதம் முன்னதாகவே ஊர் நூலகத்தில் ஒட்ட வேண்டும். இதெல்லாம் வரும்வரை, உங்களுக்குத் தேவையான கோப்பு ஏதாவது இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் இப்போதே மனுப் போட்டு நகல் வாங்கி வையுங்கள்.