பதின்மூன்று திராட்சையும் ஒரு குதிரை லாயமும்

தென் பிரான்சில், ரோன் ஆற்றின் கிழக்குப் பக்கம் இருக்கும் ஷத்தோ த போகாஸ்தெல் என்ற ஒயின் தோட்டத்தைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. அந்தப் பக்கத்து ஒயின் வியாபாரத்தில் சில வருடம் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: ஒயின் பாட்டிலை ஃப்ரிட்ஜுக்கு மேலே வைக்காதீர்கள். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

காவிரிக்கரை: போப்பாண்டவர்கள் குடித்த ஒயின் இந்தத் தோட்டத்தில் இருந்துதான் போனதா?

இல்லை. போப்பாண்டவர்கள் பக்கத்து நகரமான அவினியோனில் இருந்தது 1309 முதல் 1377 வரை. அவர்களில் இருபத்திரண்டாம் யோவான் பக்கத்துக் குன்றின் மேல் ஒரு கோட்டை கட்டினார். அந்த ஊருக்கும் அதன் ஒயினுக்கும் ஷத்தோநஃப் து பாப் என்று பெயர். போப்பின் புதுக்கோட்டை என்று அர்த்தம், அவ்வளவுதான். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அந்தக் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தது. இன்று நிற்பது மிச்சச் சுவர். போகாஸ்தெல் பத்திரத்தில் தலைகாட்டுவது 1549-இல்தான். பியேர் த போகாஸ்தெல் என்பவர் கூதுலே என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தையும் அதைச் சுற்றிய நிலத்தையும் வாங்கினார்.

திண்டுக்கல்காரன்: அப்படியானால் 1549 முதல் ஒரே குடும்பமா?

இதுவும் எல்லோரும் நம்பும் கதை. போகாஸ்தெல் குடும்பத்துக்கும் இன்றைய பெரான் குடும்பத்துக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. பழைய குடும்பம் புரொட்டஸ்டன்ட். 1685-இல் பதினான்காம் லூயி அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பறித்தார். அந்த வீட்டுக்காரர் கத்தோலிக்கராக மாறினார். 1687-இல் கூர்த்தெசோன் ஊருக்குக் கேப்டன் பதவி கிடைத்தது. எது எதற்குப் பரிசு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் வந்தது வேர்ப்பேன், ஃபிலாக்ஸெரா. அமெரிக்கக் கொடிகளோடு கப்பலேறி வந்த பூச்சி. பிரான்சில் அதன் அழிவு முதலில் கண்ணில் பட்டது 1863 வாக்கில், ஆற்றுக்கு அந்தக் கரையில் உள்ள புஜோ கிராமத்தில். போகாஸ்தெல்லுக்கு அது கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். கொடி ஏன் சாகிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. 1868-இல் மோன்பெல்லியேவைச் சேர்ந்த தாவரவியலாளர் பிளான்ஷோனின் குழு, செத்த கொடியை விட்டுவிட்டு உயிருள்ள கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தபோதுதான் பூச்சி அகப்பட்டது. செத்த வேரில் அதற்கு என்ன வேலை? கடைசியில் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பித்தார்கள்.

நொடித்துக் கிடந்த தோட்டத்தை 1909-இல் பியேர் திராமியே வாங்கினார். அவரிடமிருந்து மருமகன் பியேர் பெரானுக்கு. அவரிடமிருந்து மகன் ழாக்குக்கு. ழாக் 1978-இல் இறந்த பிறகு ழான்-பியேர், பிரான்சுவா என்ற இரு மகன்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஆக, மாமனார் சொத்தில் தொடங்கிய குடும்பம். பிரெஞ்சுச் சட்டப்படி எந்தப் பிள்ளையையும் பங்கில்லாமல் விரட்ட முடியாது. பர்கண்டியில் குளோ த வூழோ என்ற 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று சுமார் 80 சொந்தக்காரர்கள். அதை நினைத்தால் இவர்கள் பாகம் பிரிக்காமல் இருப்பதே ஒரு சாதனை.

மாடித்தோட்டம்: பதின்மூன்று வகைத் திராட்சை போடுவார்களாமே. எதற்கு அவ்வளவு?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. 1923-இல் ஃபோர்சியா தோட்டத்து பாரோன் லெ ருவா தலைமையில் ஷத்தோநஃப் து பாப் ஊர்க்காரர்கள், ஊர்ப் பெயரில் விற்கும் ஒயினுக்குத் தாங்களே விதி எழுதத் தொடங்கினார்கள். அதுவே 1936-இல் அரசு அங்கீகாரமாக முடிந்தது. விதி பதின்மூன்று வகைக்கு அனுமதி தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. அதனால் பெரும்பாலான தோட்டங்களில் கிரனாஷ் என்ற வகைதான் ராஜா. போகாஸ்தெல் பதின்மூன்றையும் வளர்க்கிறது. அதைவிட முக்கியம், சிவப்பு ஒயினில் கிரனாஷுக்கு அவர்கள் கொடுக்கும் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம். மூர்வேத்ருக்கும் அதே 30. மீதியில் சிரா, கூன்வாஸ், சான்ஸோ எல்லாம் வரும்.

கிரனாஷ் இனிப்பும் போதையும் தாராளமாகத் தரும், ஆனால் காற்றுப் பட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். மூர்வேத்ர் நேரெதிர்: காற்றுக்கு அசையாது, இறுகிய மனிதர், பழுக்கவும் தாமதம், வெயிலும் நிறைய வேண்டும். அந்த வெயிலைப் பகலில் வாங்கி இரவில் திருப்பித் தருவது நிலமெங்கும் கிடக்கும் உருண்டைக் கற்கள். இந்த இரண்டையும் சமமாக நிறுத்தியதுதான் போகாஸ்தெல்லின் பிடிவாதம். கூன்வாஸ் ரசத்துக்குப் பெருங்காயம் மாதிரி. தனியாகக் குடிக்க ஆள் இல்லை, விட்டால் ஏதோ குறையும். வகை வகையாகக் கையால் பறித்து, தனித்தனியாக நொதிக்க வைத்து, பிறகுதான் கலப்பார்கள். அந்த ஊரில் இயந்திர அறுவடைக்குத் தடை.

உப்புக்காற்று: திராட்சையைச் சுட வைக்கிறார்கள் என்று படித்தேன். கொதிக்க வைத்தால் ஜாம் ஆகிவிடாதா?

கொதிக்க வைப்பதில்லை. காம்பு நீக்கிய பழத்தின் தோலை மட்டும் சுமார் 80 டிகிரிக்குச் சட்டென்று ஏற்றி, உடனே 20-க்கு இறக்குகிறார்கள். உள்ளே சாறு சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். சாற்றைக் கறுக்க வைக்கும் நொதிகள் செயலிழக்கும், தோலின் நிறம் இறங்கும், வேண்டாத கிருமி சாகும். அதனால் கந்தகம் குறைவாகப் போட்டால் போதும். ழாக் பெரான் வளர்த்தெடுத்த முறை இது. 1950-லேயே வயலில் ரசாயனத்தை விட்டவருக்குப் பாதாள அறையில் மட்டும் அதைக் கொட்ட மனம் வருமா?

பெயர் சொல்லாதவர்: சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதா?

டாக்டரைக் கேளுங்கள்.

நிலவறைப் பூனை: பழைய போகாஸ்தெல்லில் குதிரை லாயத்து வாசனை வரும் என்கிறார்களே?

வரும். எண்பதுகள், தொண்ணூறுகளின் பாட்டில்கள் அதற்குப் பேர் போனவை. காரணம் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட், சுருக்கமாக பிரெட். பழைய மரப் பீப்பாயின் துவாரங்களில் குடியிருந்து, மிச்சம் மீதிச் சர்க்கரையைத் தின்று, 4-எதைல்ஃபீனாலை வெளியிடும். அதுதான் லாயம். கொஞ்சம் இருந்தால் எனக்குப் பிடிக்கும்.

வேதியியல் வாத்தியார்: இது பழுதுதான். பாலில் இப்படி வாசனை வந்தால் கொட்டிவிட மாட்டீர்களா? இதற்கு மண்ணின் மணம் என்று பெயர் வைப்பது ஏமாற்று.

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவிலும் அதே ஈஸ்ட், அதே லாயம். எந்த ஊரிலும் ஒரே மாதிரி இருக்கிற வாசனை இந்த ஊர் மண்ணுடையதாக இருக்க முடியாது. ஆனால் எல்லாப் பழியையும் அதன் மேல் போடாதீர்கள். மூர்வேத்ர் திராட்சைக்கே பதனிட்ட தோல், இறைச்சி மாதிரி ஒரு வாடை உண்டு. பலர் அதை முகர்ந்துவிட்டு பிரெட் என்று கத்துகிறார்கள்.

வேதியியல் வாத்தியார்: 80 டிகிரியில் கிருமி செத்துவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

நல்ல பிடி. சூடு திராட்சையோடு வரும் கிருமியைத்தான் கொல்லும். பிரெட் காத்திருப்பது அடுத்த கட்டத்தில், ஒயின் மாதக்கணக்கில் தூங்கும் பெரிய மரத்தொட்டிகளில். கந்தகமும் குறைவு, வடிகட்டுவதும் இல்லை என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

கடலோரத்தான்: கருவாட்டில் வாடை வருகிறது என்று யாராவது புகார் சொல்வார்களா? பிடித்தவன் சாப்பிடட்டும்.

சிரித்துவிட்டேன். ஆனால் உவமை நொண்டுகிறது. கருவாடு போடுகிறவர் அந்த வாடையைத் தெரிந்தே வரவழைக்கிறார். இங்கே பீப்பாய் முடிவு செய்கிறது. ஒரே வருடத்து இரண்டு பாட்டில் இரண்டு மாதிரி இருக்கும். உயிரோடு பாட்டிலுக்குள் போன பிரெட் வெதுவெதுப்பான இடத்தில் மறுபடியும் பெருகும். ஃப்ரிட்ஜுக்கு மேலே வைக்காதீர்கள் என்று ஏன் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா?

வேதியியல் வாத்தியார்: ஆக, பழுது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

கூடினால் பழுது. எவ்வளவு கூடினால் என்பதை என் மூக்கு சொல்லும், உங்கள் மீட்டர் சொல்லாது. இத்தோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பாண்டி மைந்தன்: எத்தனை வருடம் வைத்தால் நல்லது?

இந்த ஒயினை முதல் நாலைந்து வருடத்துக்குள் குடியுங்கள், இல்லையென்றால் பத்து வருடமாவது பொறுங்கள். நடுவில் அது வாயைத் திறக்காது. பாட்டிலைப் படுக்க வைத்து, 13 டிகிரி போல, இருட்டில்.

மூன்று பேர், ஒரே கேள்வி: பழசு ஆக ஆக ருசி கூடுமா?

மேலே பாருங்கள்.

விண்மீன்: அந்த ஊரில் பறக்கும் தட்டுக்குத் தடை என்பது கட்டுக்கதைதானே?

உண்மை. 1954-இல் மேயர் போட்ட ஆணை: ஊர் எல்லைக்குள் பறக்கும் தட்டு பறக்கவும் கூடாது, இறங்கவும் கூடாது, மீறினால் பறிமுதல். நல்ல விளம்பரம். இதுவரை ஒன்றும் பிடிபடவில்லை.

இன்னொருவர்: பழசு என்றால் விலையும் ருசியும்...

மேலே. பாருங்கள்.

சம்பளக்காரன்: விலை கட்டுப்படியாகவில்லை. வேறு வழி?

கூதுலே த போகாஸ்தெல் வாங்குங்கள். 1549-இல் வாங்கிய அதே கூதுலேயின் பெயர்தான். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், ஷத்தோநஃப் து பாப் எல்லைக்கு வெளியே இருப்பதால், கோத் து ரோன் என்ற சின்னப் பட்டத்தோடு, பாதிக்கும் குறைந்த விலையில் வருகிறது. அதே குடும்பம், அதே சூடு. வாங்கி எங்கே வைக்கக் கூடாது என்று இனி நான் சொல்ல மாட்டேன்.