அக்காவுக்கு ஒரு அறை (கடிதம்)

வணக்கம் மேடம்,

மாமா குடித்துவிட்டு வந்து அக்காவை அடிக்கிறார். போன வாரம் கை எலும்பில் விரிசல். குடியை நிறுத்தினால் சரியாகிவிடுமா? அவரும் சின்ன வயதில் அப்பாவிடம் அடிவாங்கி வளர்ந்தவர், அது காரணமா? அப்பா வீட்டை என் பெயரில் எழுதிவிட்டதால் அக்கா இங்கே வந்து தங்கக் கூச்சப்படுகிறாள். அம்மாவும் குழந்தைகளுக்காகப் பொறுத்துப் போ என்கிறார்.

அன்புள்ள தம்பி,

குடிக்குச் சிகிச்சை இருக்கிறது, செய்யட்டும். ஆனால் எவ்வளவு போதையிலும் அவர் வேலை கொடுத்தவரை அடிப்பதில்லை, வீடு வரைக்கும் வந்து உங்கள் அக்காவைத்தான் அடிக்கிறார். அடிவாங்கி வளர்ந்தும் கை ஓங்காத ஆண்கள் நிறையப் பேர். அதை விடுங்கள்.

போகிற போக்கில் வீட்டைப் பற்றி எழுதினீர்களே, கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருப்பதே அதைத்தான். பொருளாதார ஆய்வாளர்கள் பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. நிலமோ வீடோ தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிவாங்கியிருந்தார்கள். இரண்டும் இருந்தவர்களில் 7 சதவீதம். இவளுக்குப் போக இடமிருக்கிறது என்று தெரிந்தால் ஓங்கிய கை தயங்குகிறது.

என் சித்தி விடியற்காலையில் ஒரு பையோடு பாட்டி வீட்டுக்கு வந்து நிற்பார். சோறு போடுவார்கள், தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவார்கள், சாயங்காலம் தாய்மாமா கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுவார். யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் அழுதார்கள். ஆனால் அந்த வீட்டில் நெல் மூட்டைகளுக்கு ஒரு அறை இருந்தது, சித்திக்கு இல்லை. சித்தப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீடென்றால் உங்களுக்கு எழுதியது சட்டப்படி தப்பில்லைதான். அவளுக்கு நகை போட்டோமே என்பீர்கள். அந்த நகை இன்று எந்த அடகுக்கடையில் இருக்கிறது, கேட்டீர்களா? கூச்சப்படுகிறாள் என்று எழுதுகிறீர்களே, 'இது உன் வீடு, வா' என்று நீங்கள் ஒருமுறை சொல்லியிருந்தால் அவள் ஏன் கூச்சப்படப் போகிறாள்? பொறுத்துப் போ என்று அம்மா சொல்வதும் உங்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்றுதான்.

அப்புறம், கணவன் வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்க அவளுக்கு உரிமை உண்டு, 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டம் அதைச் சொல்கிறது. பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள், அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு அறையைக் காலி செய்துவிட்டு, நீங்களே போய் அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். கைக்கு எடுத்த எக்ஸ்ரேயையும் மருத்துவச் சீட்டையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள், மாஜிஸ்திரேட் முன்னால் தேவைப்படும்.