வெயிலில் பயணித்த இரத்த மாதிரி, பிழையான தைராய்டு அறிக்கை: ஆய்வகத்திடம் இழப்பீடு கோரலாமா?

கேள்வி: என் மனைவி தைராய்டு குறைபாட்டுக்குப் பல ஆண்டுகளாகத் தைராக்ஸின் மாத்திரை உட்கொள்கிறார். காலில் இரத்தக்கட்டு ஏற்பட்டு ஹெபாரின் ஊசி போட்டுவந்த நாட்களில், எங்கள் ஊரிலுள்ள சேகரிப்பு மையத்தில் இரத்தம் கொடுத்தோம். மே மாதக் கோடையில் அந்த மாதிரி வெளியூர் ஆய்வகத்துக்குப் பேருந்துப் பார்சலில் சென்று, மறுநாள் மாலையில்தான் பரிசோதிக்கப்பட்டது. ஃப்ரீ டி4 (இரத்தத்தில் தனித்துலவும் தைராய்டு ஹார்மோன்) மிக அதிகம், டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் உயர்ந்து, கூடினால் தாழும் மற்றொரு ஹார்மோன்) இயல்பு என்று வந்த அறிக்கையைப் பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். இரண்டு மாதங்களில் சோர்வும் முகவீக்கமும் கூடின. வேறோர் ஆய்வகத்தில் பார்த்தபோது டிஎஸ்எச் வெகுவாக உயர்ந்திருந்தது. வழக்குத் தொடர முடியுமா?

பதில்: முடியும். ஆனால் "வெயிலில் இரத்தம் கெட்டுவிட்டது" என்று மட்டும் மனுவில் எழுதினால் அது நிற்காது. இரத்த அணுக்களை நீக்கிப் பிரித்தெடுத்த சீரத்தில் டிஎஸ்எச், மொத்த டி4 (புரதத்தோடு ஒட்டியதும் ஒட்டாததும் சேர்ந்த அளவு) ஆகிய இரண்டும் ஓரிரு நாள் அறை வெப்பத்தில் இருந்தாலும் பெரிதாக மாறுவதில்லை என்பதை எதிர்த்தரப்பு எளிதில் காட்டிவிடும்.

உங்கள் மனைவியின் வழக்குக்கு வலுச் சேர்ப்பது ஹெபாரின்தான். இரத்தத்திலுள்ள டி4-இல் ஏறத்தாழ 0.02 முதல் 0.03 சதவீதம் மட்டுமே புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கிறது. ஃப்ரீ டி4 பரிசோதனை அளப்பது இந்த நுண்ணிய பங்கையே. ஹெபாரின் ஊசி, கொழுப்பைச் சிதைக்கும் லைப்பேஸ் நொதியை இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. இரத்தம் சோதனைக் குழாய்க்குள் வந்த பிறகும் அந்த நொதி ஓய்வதில்லை. அது உருவாக்கும் கொழுப்பு அமிலங்கள் டி4-ஐப் புரதத்திலிருந்து விலக்குவதால், நோயாளியின் உடலில் இல்லாத உயர்வு குழாய்க்குள் உண்டாகிறது. வெப்பமும் காத்திருக்கும் நேரமும் கூடக்கூட இந்த உயர்வும் கூடும். டிஎஸ்எச் இயல்பாகவே இருந்தது இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது. கருவியின் வெப்பநிலையைக் குறை கூற வேண்டாம்: ஃப்ரீ டி4 உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸில் அளக்கப்பட வேண்டியது, அதற்குக் கீழே அளந்தால் அளவு குறைவாகத்தான் தெரியும். ஆகவே உங்கள் குற்றச்சாட்டு சேகரிப்பு, சேமிப்பு, அனுப்பீடு ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில் உறுதிசெய்துவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11), இழப்பு விளைவிக்கும் கவனக்குறைவை மட்டுமன்றி, தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. இதைத்தான் நீங்கள் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். சேகரிப்பு மையம், முதன்மை ஆய்வகம் ஆகிய இரண்டுக்கும் ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி, இரத்தம் எடுத்த நேரம், சீரம் பிரித்த நேரம், வழியில் பதிவான வெப்பநிலை, ஆய்வகம் பெற்றுக்கொண்டபோது மாதிரியின் நிலை, நோயாளி எடுக்கும் மருந்துகள் கேட்டுக் குறிக்கப்பட்டனவா என்பது, அன்றைய தரக்கட்டுப்பாட்டுப் பதிவு ஆகியவற்றைக் கேளுங்கள். மீதமிருந்த சீரம் இந்நேரம் அழிக்கப்பட்டிருக்கும். எனவே இந்த ஏடுகளே உங்கள் சாட்சி. அவர்கள் தர மறுத்தால், அதே சட்டத்தின் பிரிவு 38(9)-இன்படி ஆவணங்களை முன்னிலைப்படுத்துமாறு ஆணையிட மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இரண்டு ஆய்வகங்களின் அறிக்கைகள் மாறுபடுவது மட்டுமே ஆதாரமாகாது. முறைகளும் கருவிகளும் வேறுபடலாம், நடுவே மாத்திரை அளவும் மாறியிருக்கிறது. இரத்தம் கொடுத்த காலையில் உங்கள் மனைவி மாத்திரை விழுங்கியிருந்தாரா என்ற கேள்வி நிச்சயம் வரும், ஏனெனில் விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 உயர்ந்தே இருக்கும். ஊசியைப் பற்றி மையத்தில் சொன்னீர்களா என்றும் கேட்பார்கள். இரண்டுக்கும் உண்மையையே சொல்லுங்கள். சிறு பொய் ஒன்று முழு வழக்கையும் கவிழ்த்துவிடும். நிபுணர் சாட்சியம் எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை என்று 2010-இல் வி.கிஷன்ராவ் வழக்கில் கூறப்பட்டிருந்தாலும், நொதியின் செயலை விளக்க வேண்டிய இந்த வழக்கில் நாளமில்லாச் சுரப்பியியல் நிபுணர் ஒருவரின் எழுத்துமூலக் கருத்து இல்லாமல் நீங்கள் ஆணையத்துக்குச் செல்வதை நான் விரும்பவில்லை. குற்றவியல் புகார் வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு அதற்குக் கடுமையான கவனக்குறைவைக் கோருகிறது, இங்கு அந்த அளவுக்கு எதுவும் தெரியவில்லை.

மனுவை உங்கள் மனைவியின் பெயரில், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுக் கட்டணம் இல்லை. பரிசோதனைக் கட்டணம், மறுபரிசோதனை, மருத்துவரிடம் சென்ற செலவு, இழந்த ஊதியம், மன உளைச்சல் ஆகியவற்றைத் தனித்தனியே, ரசீதுகளோடு கேளுங்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் காலவரம்பு. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால், வழக்கறிஞர் செலவை எண்ணித் தயங்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்கள் மனைவி விண்ணப்பிக்கலாம்.