கைப்பிடி அரிசி – ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். ஜூன் கடைசியில் கிளம்புகிறேன். போன ஞாயிறு ஐயர் (எங்கள் சபைப் போதகர்) என்னைக் கோயிலில் முன்னால் கூப்பிட்டு ஜெபித்தார். அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: “மெட்ராஸ் போய் மாறிடாத.” யார் என்ன கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று விளக்குகிற புத்தகங்களை மாமா ஒரு பை நிறையக் கொடுத்திருக்கிறார். ராத்திரி ஜெபத்தில் என் பேர் வரும்போது என் அம்மா அழுதுவிடுகிறாள்.

வீட்டில் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாளும் அம்மாவுடைய விசுவாசத்தில்தான் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன் போல. இந்த மாதக் கடைசியில் வி.பி.எஸ்.ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளி) சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்கச் சொல்கிறார்கள். நான் போனால் அது ஏமாற்று ஆகாதா? மீதி இருக்கிற நாட்களில் நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள மகளே,

வி.பி.எஸ்.ஸுக்குப் போ. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு நாள் குறைவாக இருக்கிறது. மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

நான் நாசரேத் பக்கத்து ஊர்க்காரி. உன்னைப் போலவே பிளஸ் டூ முடித்துவிட்டு, 1985 ஜூனில், திருநெல்வேலியிலிருந்து எழும்பூருக்குப் போகிற மீட்டர்கேஜ் ரயிலில் ஒரு தகரப் பெட்டியோடு ஏறினேன். “மாறிடாத” என்று எனக்கும் சொன்னார்கள். நான் அதற்குத் தயாராகத்தான் போனேன். யாராவது என் தெய்வத்தைக் கேலி செய்வார்கள், யாராவது பெரிய கேள்வியாகக் கேட்டு மடக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அறையில் என்னோடு இருந்த மூன்று பெண்களும் என் பைபிளை எடுத்து அலமாரியில் ஒழுங்காக வைத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத்தான் கண் விழித்தேன். ஊரில் அது நடக்கவே நடக்காது. கோயிலில் அடிக்கிற முதல் மணிக்குப் பாட்டி எழுப்பிவிடுவாள், இரண்டாம் மணிக்குத் தலை சீவி முடித்திருக்க வேண்டும். இங்கே மணி இல்லை. எழுப்ப ஆள் இல்லை. எழுந்து உட்கார்ந்து, என்ன ஆகப்போகிறதோ என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மெஸ்ஸில் பொங்கல் போட்டார்கள், போய்ச் சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. மூன்றாவது ஞாயிறு அது ஞாயிறு என்பதே மதியம்தான் ஞாபகம் வந்தது. என்னிடம் யாரும் வாதம் செய்து எதையும் பிடுங்கவில்லை மகளே. மணி அடிக்காததால் நின்றுபோன காரியம் அது.

அதனால்தான் மாமா கொடுத்த பையைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. அவர் பிரியத்தில் கொடுத்திருக்கிறார், வாங்கி வைத்துக்கொள். இரண்டொன்று படித்தும் பார். ஆனால் இந்த ஐந்தாறு வாரத்தை அதில் செலவழித்துவிடாதே.

இப்போது பாட்டியின் அரிசிக்கு வருகிறேன். உன் வீட்டிலும் இந்தப் பழக்கம் இருக்கலாம். பாட்டி அரிசியை அளந்து உலையில் போடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். தினமும் இரண்டு வேளை. மாதக் கடைசியில் அந்தக் கலயம் கோயிலுக்குப் போகும். எல்லா வீட்டு அரிசியையும் சேர்த்து விற்று, ஊழியத்துக்கு வைப்பார்கள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த மாதங்களும் உண்டு, அப்பா மிஷன் பள்ளியில் வாத்தியார், பிள்ளைகள் ஐந்து பேர். அந்த மாதங்களில் கைப்பிடி கொஞ்சம் சின்னதாகும், நிற்காது. பதினேழு வருடம் அதை நான் பார்த்தேன். ஒரு நாள்கூட நான் எடுத்துப் போட்டதில்லை. அது பாட்டி வேலை என்று இருந்துவிட்டேன்.

ஹாஸ்டலில் அப்பா மாதம் 100 ரூபாய் கைச்செலவுக்கு மணியார்டர் அனுப்புவார். முதல் மணியார்டர் வந்த அன்றைக்கு, தபால்காரர் எண்ணிக் கொடுத்த நோட்டிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து ஒரு காலி சோப்பு டப்பாவில் போட்டேன். பக்தியில் செய்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகப் போட்டது. செலவழிக்கும் முன்னால் ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும் என்பது மட்டும் எப்படியோ எனக்குள் போயிருந்தது. அடுத்த மாதமும் போட்டேன். அக்டோபரில் அந்த டப்பாவில் 50 ரூபாய் இருந்தது. ஒருமுறை கடும் நெருக்கடியில் அதிலிருந்து பத்து ரூபாய் எடுத்தேன், பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து வைத்துவிட்டேன். அது என் காசு இல்லையே.

சரி, இதை யாரிடமாவது கொடுக்க வேண்டுமே என்றுதான் கோயிலைத் தேடிப் போனேன். நாலு மாதம் கழித்து நான் ஆராதனைக்குப் போன காரணம் இதுதான். அன்றைய பிரசங்கம் ஒரு வார்த்தை மனதில் நிற்கவில்லை. ஆராதனை முடிந்ததும் ஓர் அம்மா பிரியமாக வந்து “எந்த ஊரு?” என்றார்கள். சொன்னேன். “அங்க யார் குடும்பம்?” என்றார்கள். அதையும் சொன்னேன். மூன்றாவது கேள்வியில் அவர்கள் கேட்பது சாதி என்று புரிந்தது. அன்று மதியம் முழுக்க அழுதேன். ஆனால் நவம்பரில் மறுபடி மணியார்டர் வந்தது, மறுபடி பத்து ரூபாய் இருந்தது, மறுபடி போனேன். வேறு கோயிலுக்கு.

அம்மாவுடைய விசுவாசத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தேன் என்று ஏதோ குற்றம் போல எழுதியிருக்கிறாய். நான் பாட்டியின் கையில் ஒட்டிக்கொண்டு இருந்தேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனி. உன் வீட்டில், உன் ஊரில், இத்தனை வருடமும் உனக்காக வேறு யாரோ செய்துகொண்டிருந்த காரியங்கள் நிறைய இருக்கின்றன. ஹாஸ்டலில் அதைச் செய்ய ஆள் இருக்காது. கிளம்புவதற்கு முன்னால் அவற்றை ஒரு தடவையாவது உன் கையால் செய்துவிட்டுப் போ. நான் உன்னிடம் கேட்பது இவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு விடியலில் போய், மணி அடிக்கிறவரிடம் கேட்டு நீ அடி. முதல் இழுப்பில் சத்தம் வராது, கயிறு கையை அறுக்கும். ஒரு வாரம் ராத்திரி ஜெபத்தை நான் நடத்துகிறேன் என்று அம்மாவிடம் சொல். எந்தப் பாட்டு, எந்த அதிகாரம், யார் யார் பேர் சொல்ல வேண்டும் என்று நீயே தீர்மானிக்க வேண்டி வரும்போது வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்க முடியாது, முயன்று பார். படுக்கையில் கிடக்கிற வயதானவர்கள் வீட்டுக்கு ஐயர் நற்கருணை கொண்டுபோகும்போது கூடப் போகலாமா என்று கேள். எனக்கு அந்த வயதில் அதைக் கேட்கத் தோன்றவில்லை. முதல் தடவை அப்படி ஒரு வீட்டில் நின்றபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது.

அப்புறம், உங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று ஐயரிடம் கேள். நம் பக்கத்துச் சபைகள் எல்லாம் யாரோ ஒருவர் துணிந்து எடுத்த முடிவில் தொடங்கியவை. 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தது 40 பேர்தான். அந்தச் சபையை வளர்த்த குளோரிந்தா, தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. 1785இல் அங்கே ஒரு கோயிலையும் எழுப்பினார். உனக்குப் பக்கத்து ஊர்தான் முதலூர். 1799இல், சொந்த ஊர்களில் இருக்க முடியாமல் தவித்த கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கி உருவாக்கிய முதல் ஊர், அதனால்தான் அந்தப் பேர். அங்கே மஸ்கோத் அல்வா வாங்கப் போகும்போது இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. உன் குடும்பத்திலும் முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பனையேறியோ, அவர் மனைவியோ. அந்தப் பேரைக் கண்டுபிடித்துக்கொண்டு சென்னைக்கு வா.

அதே கையோடு, அவர்களுக்குப் பிறகு வந்த நாம் செய்த தப்பையும் உன் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுத்துவிட்டுச் சாதி பார்த்துச் சம்பந்தம் செய்கிறோம். தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தையே தனித்தனியாகப் பிரித்து வைத்த சபைகள் உண்டு. இது சுவிசேஷத்துக்கு விரோதம், இதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. ஹாஸ்டலில் யாராவது ஒரு தோழி இதைக் கேட்பாள். மாமா புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்காது. நீ முதன்முதலாக அவள் வாயால் கேட்டு அதிர்ச்சி அடையக் கூடாது.

அம்மாவிடம் உன் சந்தேகத்தைச் சொல்லலாமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. சொல் மகளே. ராத்திரி ஜெபத்தில் வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது, கை வேலையாக இருக்கும்போது சொல். நான் என் அம்மாவிடம் நாற்பது வயதில்தான் சொன்னேன், ஹாஸ்டலில் நாலு மாதம் கோயிலுக்கே போகவில்லை என்று. அவள் திடுக்கிடவில்லை. எனக்கு மூத்ததாகப் பிறந்து எட்டு மாதத்தில் இறந்த பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். அதற்கப்புறம் இரண்டு வருடம் தன்னால் ஜெபிக்கவே முடியவில்லை, வாயைத் திறந்தால் வார்த்தை வராது என்றாள். “அரிசி மட்டும் எடுத்து வச்சேன். உங்க பாட்டி ஒண்ணும் கேக்கல” என்றாள். உன் அம்மா அழுவதற்குப் பின்னால் அவள் கடந்து வந்தது என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. கேட்டால் சொல்வாள்.

அவள் பயத்தையும் புரிந்துகொள். இத்தனைக்கும் வீட்டை விட்டுப் போய்ப் படிப்பது நம் பெண்களுக்குப் புதிதில்லை. 1844இல் மிஷனரி கால்டுவெலை மணந்து இடையன்குடிக்கு வந்த எலைசா அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்கு போர்டிங் பள்ளி நடத்தினார். அதிலும் அதைப் போன்ற போர்டிங்குகளிலும் சின்னப் பிள்ளைகள் ஓலைப்பெட்டியோடு போய்ச் சேர்ந்தார்கள். உன் பூட்டியோ அவள் அம்மாவோ அப்படிப் போனவளாகக்கூட இருக்கலாம், வீட்டில் விசாரி.

வி.பி.எஸ். விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குக் கதை சொல்வதும் செய்கையோடு பாட்டு சொல்லிக்கொடுப்பதும் சத்தியப்பிரமாணம் எடுப்பது போல இல்லை. நீ நம்பாத ஒன்றை நம்புவதாக அங்கே சொல்லாதே, அது போதும். நான் சென்னைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அதே மே மாதம் சொல்லிக்கொடுத்தேன். யோனா மீன் வயிற்றுக்குள் எப்படி மூச்சு விட்டார் என்று ஒரு பையன் கேட்டான். தெரியாது என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் படத்துக்கு வண்ணம் அடிக்கப் போய்விட்டான். நாலு பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டு, இரண்டு சண்டையை விலக்கி, கடைசி நாள் அவர்கள் மேடையில் பாடுவதைக் கீழே நின்று பார். அந்தப் பத்து நாளை விட்டுவிடாதே.

பக்தியிலேயே நாளைக் கழிக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பதநீர் இருக்கிற காலம் இது. விடியலில் போய் ஓலைப்பட்டையில் வாங்கிக் குடி. நுங்கைக் கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிடு. சாயங்காலம் தேரியின் செம்மணல் மேடு ஆறின பிறகு சித்தி பிள்ளைகளோடு ஏறிப் போ. இதற்கெல்லாம் காரணம் சொல்லத் தேவையில்லை.

கிளம்புகிற அன்றைக்கு வீட்டில் 121ஆம் சங்கீதம் வாசிப்பார்கள், பெட்டியை வாசலில் வைத்துவிட்டு. நம் வீடுகளில் யார் பயணம் போனாலும் அதுதான். உன் போக்கையும் சொல்லி உன் வரத்தையும் சேர்த்துச் சொல்கிற சங்கீதம். அப்பாவோ அம்மாவோ வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் நீ கேட்டு வாங்கி வாசி. குரல் உடைந்தால் உடையட்டும். நாசரேத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் அதிக நேரம் நிற்காது, அதனால் அழுகையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு வந்ததும் எழுது. கோயில் எங்கே, தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு என்று சனிக்கிழமையே சீனியர்களிடம் விசாரித்து வைத்துக்கொள். முதல் ஞாயிறு எழுந்திருக்க முடியாமல் போய்விட்டால், அதையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா